சேற்றோரத்து நீள்கால் ஈ: ஒரு புதிய இனத்தை உறுதிசெய்த நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் ஆட்கள், கல்லூரி, காடு எதற்கும் பெயர் தரவில்லை. ஈயின் அறிவியல் பெயரைச் சொன்னால் மற்ற மூன்றும் வெளிப்பட்டுவிடும் என்பதால் அதையும் விட்டிருக்கிறேன். நடந்த வரிசையும், எடுத்த முடிவுகளும், அவற்றுக்கான காரணங்களும்தான் இங்கே முக்கியம். வகைப்பாட்டியலில் புதிதாக இறங்கும் மாணவர்கள், "புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

பின்னணி

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஓர் அலையாத்திக் காடு. பக்கத்து ஊர்க் கல்லூரியின் விலங்கியல் துறை அங்கே கரைப்பறவைகளின் உணவைப் பற்றி ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. உள்ளான்கள் சேற்றில் எதைக் கொத்துகின்றன, எந்த மாதத்தில் எந்தப் பூச்சி அதிகம் என்பதுதான் கேள்வி. அதற்காகச் சேற்று விளிம்பில் மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்து, விழும் பூச்சிகளை எடுத்துச் சாராயப் புட்டிகளில் போட்டுவைத்தார்கள். வனத்துறை அனுமதி அந்த ஆய்வுக்காக ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது. அனுமதிக் கடிதத்தில் 'பூச்சிகள் சேகரித்தல்' என்ற சொற்கள் இருந்தது பின்னால் பெரிய உதவியாக அமைந்தது.

வண்டு, எறும்பு, கொசு எல்லாம் எண்ணி முடித்த பிறகு மிஞ்சியவை சின்னச் சின்ன பச்சை ஈக்கள். அடையாளம் காண ஆளில்லாமல் அவை அலமாரியில் இருந்தன. துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மாணவி அவற்றைப் பிரிக்கத் தொடங்கியபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேறொரு கல்லூரியில் ஈக்களின் வகைப்பாட்டில் வேலை செய்கிறேன்.

நீள்கால் ஈக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோலிகோபோடிடே என்ற இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. உடல் பெரும்பாலும் உலோகப் பச்சை, நீளம் ஒன்றிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர்தான் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் வாழை இலைமேல் குட்டிக் குட்டியாக ஓடி நின்று, ஓடி நின்று போகும் பச்சை ஈயைப் பலரும் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. இவை நம்மைக் கடிப்பதில்லை, சோற்றில் உட்காருவதில்லை. தம்மைவிடச் சிறிய, மெல்லுடல் கொண்ட பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும் வேட்டை ஈக்கள். கடலோரச் சேற்றில் இவற்றின் தனி இனங்கள் நிறைய உண்டு. சிங்கப்பூர், தாய்லாந்து அலையாத்திக் காடுகளிலிருந்து கடந்த இருபதாண்டுகளில் புதிய இனங்கள் வரிசையாக விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று, 2014இல் எழுதப்பட்டது, சிங்கப்பூரின் அலையாத்தி ஆய்வாளர் சிவசோதியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் கரையில் இந்த அளவுக்குத் தேடல் நடக்கவில்லை. அலமாரியில் கிடந்த புட்டிகளைத் திறக்கும்போதே எனக்கு எதிர்பார்ப்பு இருந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் கண்டது

ஈக்களில் பெரும்பகுதி தினோஃபிலஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் கடற்கரை, உப்பளம், கழிமுகம் என்று உப்பு நிலங்களில் வாழும் பேரினம் இது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மாணவி அவற்றை மூன்று குவியலாகப் பிரித்திருந்தார். இரண்டில் ஆணும் பெண்ணும் இருந்தன. மூன்றாவதில் ஒரே ஓர் ஆண்.

அந்த ஆணின் முன்கால்தான் அவரை நிறுத்தியது. கீழ்க்காலின் உட்பக்கத்தில், தொடையோடு சேரும் மூட்டுக்குச் சற்றுக் கீழே, வளைந்த கருமுட்கள் வரிசையாக நெருங்கி நின்றன. எதிரே தொடையின் அடியில் மஞ்சள் மயிர்க் கற்றை ஒன்று. காலை மடித்தால் முள்வரிசை அந்தக் கற்றைக்குள் சரியாகப் போய் அமர்ந்தது. மாணவி ஊசிமுனையால் காலை மெல்ல மடித்து, விரித்து, மறுபடி மடித்துக் காட்டினார். "சார், இது தற்செயலா அமைஞ்ச மாதிரி தெரியல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்தக் குடும்பத்தில் ஆண்களின் கால், உணர்கொம்பு, சிறகு நுனி போன்றவை இனத்துக்கு இனம் விசித்திரமாக மாறும். பெண்ணின் முன்னால் ஆண் நின்று காலைத் தூக்கிக் காட்டுவதும் சிறகை அசைப்பதும் இணைசேர்க்கைக்கு முன் நடக்கும் சடங்கு. பெண் பார்த்துத் தேர்வு செய்யும் உறுப்பு என்பதால் அது வேகமாக மாறுகிறது. ஆகவே இனத்தை அறிய நாங்கள் முதலில் பார்ப்பதும் அதையே. பண்புகளைப் படிப்படியாகக் கேட்டு இனப்பெயருக்கு இட்டுச்செல்லும் அட்டவணையை இனங்காண் திறவுகோல் என்போம். இப்படி ஒரு முன்கால் எங்களிடமிருந்த திறவுகோல் எதிலும் இல்லை. தாய்லாந்து இனங்களுக்கான திறவுகோலில் பாதி வழி வரை ஓடியது, அப்புறம் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை.

முதல் முடிவு: ஒற்றை ஆணை வைத்து எழுத வேண்டாம்

துறையில் ஆர்வம் பொங்கியது. உடனே எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அதில் தவறொன்றும் இல்லை. ஒரே மாதிரியை வைத்து எழுதப்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் ஏராளம். விலங்கியல் பெயரிடல் விதிகளும் அதைத் தடுக்கவில்லை.

வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணங்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது கால் ஒழுங்காக விரியாமல் கோணலாகக் காய்ந்துபோன ஈக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முன்கால்களும் ஒரே மாதிரி இருந்ததால் இங்கே அதற்கு வாய்ப்புக் குறைவுதான். ஆனாலும் இன்னோர் ஆணைப் பார்க்காமல் எழுத மனம் ஒப்பவில்லை. இரண்டாவது காரணம்தான் கனமானது. இனத்தை உறுதிசெய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும், மரபணு வரிசைக்கும் ஏதாவதொரு பகுதியைக் கொடுக்க வேண்டும். இருப்பதே ஒன்று என்றால், அதுவே ஹோலோடைப்பாகவும், அதாவது இனப்பெயரைத் தாங்கும் மூலமாதிரியாகவும், நிற்க வேண்டும், அதையே வெட்டவும் வேண்டும். இனி நூறாண்டு கழித்து ஒருவர் வந்து பார்க்கும்போது முழுசாக இருக்க வேண்டிய மாதிரி அது.

மாணவிக்கு இந்த முடிவு எளிதாக இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி அவர் பக்கம் நின்று, ஆய்வேட்டில் இந்த ஈயை 'இனம் அ' என்று மட்டும் குறிப்பிட்டு விவரத்தை எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்று வழி சொன்னார். நல்ல யோசனை அது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. புதுப் பெயர் முறையான வெளியீட்டுக்கு முன்பே அங்கே தலைகாட்டினால், அந்தப் பெயர் எப்போது, எங்கே பிறந்தது என்ற குழப்பம் பின்னால் வரும். அதே காரணத்துக்காக உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் கேட்டபோதும் எதுவும் சொல்லவில்லை.

மீண்டும் காட்டுக்கு

முதல் ஆண் கிடைத்த கிண்ணத்தின் சீட்டில் தேதியும் காட்டின் பெயரும் இருந்தன. கிண்ணம் திறந்த சேற்றில் இருந்ததா, மர நிழலில் இருந்ததா என்பது எழுதப்படவில்லை. பறவை ஆய்வுக்கு அந்த விவரம் தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கோ அதுதான் வேண்டும். ஆகவே காட்டைப் பகுதி பகுதியாகத் தேட வேண்டியிருந்தது. வலையால் வீசிப் பிடித்தோம், உறிஞ்சுகுழாயால் ஒவ்வொன்றாக இழுத்தோம். திறந்த சேற்றுப் பரப்பில் மற்ற இரண்டு இனங்களும் கூட்டம் கூட்டமாக இருந்தன. மூன்றாவது இல்லவே இல்லை.

படகோட்டி ஐம்பது வயதைக் கடந்தவர், நண்டு பிடிப்பதும் அவர் தொழில். முதலில் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் மாணவியிடம் கேட்டார், "எந்த ஈயம்மா தேடுற? தண்ணி மேல நடக்குமே, அதா?" ஆமாம் என்றதும், "அது வெயில்ல நிக்காதும்மா. வத்தம் ஆரம்பிச்சதும் மரத்தடியில நண்டுக் குழிகிட்ட பாரு. தண்ணி முழுசா போயிட்டா அதுவும் போயிடும்" என்றார்.

நாங்கள் அதுவரை வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, முடிந்து சேறு நன்றாக வெளிப்பட்ட பிறகுதான் இறங்கிக்கொண்டிருந்தோம்; நடக்க வசதி என்பதால். அவர் சொன்னபடி நேரத்தை மாற்றினோம். வெண்கண்டல் மரங்களின் அடியில், பென்சில் போல மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே, நண்டுக் குழி ஓரத்துச் சின்னக் குட்டைகளில் அவை இருந்தன. தண்ணீர்ப் படலத்தின் மேல் நின்று, குட்டை சுருங்கச் சுருங்க அதன் விளிம்போடு உள்ளே நகர்ந்துகொண்டிருந்தன. ஓர் ஆண் முன்கால்கள் இரண்டையும் மடித்து உயர்த்தியபடி, சற்றுப் பெரிதான இன்னோர் ஈயின் முன்னால் பக்கவாட்டில் நகர்ந்ததை மாணவி பார்த்தார். அந்தக் காட்சியைக் கைபேசியில் எடுத்தது பின்னால் கட்டுரைக்கு வலு சேர்த்தது.

அந்தப் பருவத்தில் ஏழு ஆண்கள் கிடைத்தன. ஏழிலும் முன்கால் அமைப்பு அச்சாக ஒன்றே. கோணல் கால் என்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது.

பெண் ஈக்கள் யாருடையவை?

பெண்களைச் சேர்ப்பதில்தான் சிக்கல். ஆண்களோடு ஒரே குட்டையில் பிடித்த பெண்களின் காலில் முள்வரிசையும் இல்லை, மயிர்க் கற்றையும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டாவது குவியலின் பெண்களைப் போலவே இருந்தன. அந்த இரண்டாவது இனம் ஆசியக் கடற்கரைகளில் பரவலாகக் காணப்படுவது, பெயர் உள்ளது.

இங்கே மரபணுப் பட்டைக்குறி கைகொடுத்தது. 2003 முதல் விலங்குகளை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும் முறை இது: இழைமணியின் (மைட்டோகாண்ட்ரியாவின்) சிஓஐ மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து ஒப்பிடுவது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று இலவசமாகச் செய்துதர முன்வந்தது. ஆனால் உயிரியல் வளத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வருகிறது. சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காது என்பதல்ல. உள்நாட்டிலேயே செய்ய முடிகிற வேலைக்கு அந்த வழியில் போவானேன் என்று முடிவெடுத்து, இந்திய ஆய்வகம் ஒன்றில் செய்தோம். செலவைத் துறை ஏற்றது.

எந்தப் பகுதியைக் கொடுப்பது என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. வழக்கமாக ஒரு காலைப் பிய்த்துக் கொடுப்பார்கள். இந்த ஈயிலோ காலே அடையாளம். பெண்களில் வலது நடுக்காலை எடுத்தோம். ஆண்களில் காலைத் தொடவில்லை. அதற்குப் பதில், இரண்டு ஆண்களின் வயிற்றை மட்டும் பிரித்து, புரதத்தைக் கரைக்கும் நொதிக் கரைசலில் இரவு முழுக்க வைத்தார்கள். தசை கரைந்து மரபணு கரைசலுக்கு வந்துவிடும். உடலின் வெளி ஓடும் இனப்பெருக்க உறுப்பும் அப்படியே தெளிந்து நிற்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கும் பழைய முறையில் உறுப்பு தெளியும், ஆனால் மரபணு போய்விடும். சாராயத்தில் புதிதாகப் போட்ட சிறு பூச்சிகளுக்கு இந்த நொதி முறையை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரே வயிற்றிலிருந்து இரண்டு சான்றும் கிடைக்கிறது.

முடிவு வந்தபோது, குட்டையில் பிடித்த பெண்களில் மூன்று எங்கள் ஆண்களோடு ஒரே கொத்தில் விழுந்தன. மற்றவை இரண்டாவது இனத்தோடு போயின. அதாவது இரண்டு இனப் பெண்களும் ஒரே குட்டையில் கலந்து நின்றிருக்கின்றன. இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்களை மறுபடி பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது: வாயோரத்தில் இருக்கும் சிறு உணருறுப்பான பால்ப் எங்கள் இனப் பெண்ணில் மஞ்சள், மற்றதில் கருமை. சாராயத்தில் நாளானால் மஞ்சளும் மங்கிப்போவதால் பழைய புட்டிகளில் இது கண்ணில் படவில்லை. அதன் பிறகு அலமாரிப் புட்டிகளை மீண்டும் அலசியதில், இரண்டாவது இனம் என்று எண்ணி வைத்த பெண்களுக்குள் இன்னும் சில எங்களுடையவை எனத் தெரிந்தது. பறவை ஆய்வின் எண்ணிக்கை அட்டவணையையும் திருத்த வேண்டியதாயிற்று.

பட்டைக்குறி மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போதாது. நீள்கால் ஈக்களில் உருவத்தில் தெளிவாக வேறுபடும் இனங்கள் இந்தத் துண்டில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும் உண்டு. ஆண்–பெண் சேர்ப்பதற்கு இது சிறந்த கருவி. இனத்தை அறிவிக்க உருவமும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

பழைய பெயர்களைத் தேடியது

புதிய இனம் என்று சொல்வதற்கு முன், இதற்கு யாரும் ஏற்கெனவே பெயர் வைத்துவிடவில்லை என்று காட்ட வேண்டும். முழு வேலையில் அதிகக் காலம் எடுத்தது இதுதான், நான் மிக மதிக்கும் பகுதியும் இதுதான். இந்தக் குடும்பத்தின் ஆசிய இனங்களைப் பற்றிய பழைய எழுத்து பல மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. தியோடர் பெக்கர் 1922இல் வெளியிட்ட, இந்திய–ஆஸ்திரேலிய வட்டார நீள்கால் ஈக்கள் பற்றிய பெருநூல் ஜெர்மனில். ஒக்தாவ் பாரான் எழுதியவை பிரெஞ்சில். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகள் பல இலத்தீனில், நாலைந்து வரி மட்டும்: 'பச்சை, கால்கள் மஞ்சள், சிறகு நிறமற்றது' என்ற அளவில். 2006இல் வந்த உலகப் பட்டியலை வைத்து, தினோஃபிலஸில் ஆசியா, ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளிலிருந்து பெயரிடப்பட்ட எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார் மாணவி. 2006க்குப் பின் வந்தவற்றைத் தனியாகத் தேடிச் சேர்த்தார். ஜெர்மன் பகுதிகளுக்கு மொழி தெரிந்த ஒருவரின் உதவி கிடைத்தது. கணினி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பவில்லை, ஏனென்றால் முட்களின் இடத்தைக் குறிக்கும் சொற்களை அது மாற்றிப் போடுகிறது.

கடைசியில் ஒரு பெயர் மட்டும் அடிபடாமல் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியப் பெருங்கடல் கரையொன்றில் பிடித்த ஒரே பெண் ஈயை வைத்து எழுதியது. ஆண் தெரியாது. விவரிப்பில் பால்ப் மஞ்சள் என்று இருந்தது.

இது எங்கள் ஈயாக இருந்தால் புதுப் பெயர் வைக்க முடியாது. பழைய பெயரின் ஆணை முதன்முறையாக விவரித்தோம் என்று எழுதலாம், அவ்வளவுதான். அதுவும் மதிப்புள்ள வேலையே. ஆனால் எது என்று தெரிய வேண்டும். அந்தப் பெண் ஈ ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. நூறாண்டுப் பழமையான ஹோலோடைப்பைத் தபாலில் அனுப்பமாட்டார்கள். அனுப்பக் கேட்பதும் முறையல்ல. எந்தக் கோணத்தில், எந்தப் பகுதிகளின் படம் வேண்டும் என்று துல்லியமாக எழுதிக் கேட்டோம்: முகம் நேர்முகமாக, நெஞ்சின் மேல்பக்கம், நடுத்தொடையின் முன்பக்கம், சிறகு. பொதுவாக 'படம் அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தால் பக்கவாட்டுப் படம் ஒன்று வந்திருக்கும், பயன்பட்டிருக்காது.

பதில் வரப் பல மாதங்கள் ஆயின. அருங்காட்சியகக் காப்பாளர் அனுப்பிய படங்கள் அருமையாக இருந்தன. அந்தப் பெண்ணின் நடுத்தொடையில் நுனிக்கு முன்னால் பெரிய முட்கள் இரண்டு. எங்கள் பெண்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சிறகில் குறுக்கு நரம்பின் இடமும் வேறு. அந்தப் பெயரும் அடிபட்டது. புதிய இனம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் நாங்கள் எங்களுக்குள் முதன்முறையாகச் சந்தேகமில்லாமல் சொல்லிக்கொண்டோம்.

உறுப்பை வரைந்தது

நீள்கால் ஈயில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு வயிற்றின் நுனியில் திருகி, அடிப்பக்கமாக முன்னோக்கி மடிந்து கிடக்கும். நொதியில் தெளிந்த வயிற்று நுனியைக் கிளிசரின் சொட்டில், குழிவான கண்ணாடிச் சில்லில் வைத்து, பக்கவாட்டில் நிறுத்தி வரைய வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பொருள் அது. மூடி போட்டு அழுத்தினால் தட்டையாகிப் பொய்யான வடிவம் காட்டும். ஆகவே மூடி இல்லாமலே, கிளிசரினில் மெல்லிய பருத்தி நாரிழை ஒன்றைக் கிடத்தி அதன்மேல் சாய்த்து வைத்தார் மாணவி. இது அவரே கண்டுபிடித்த உபாயம். நான் இப்போது என் மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். வரைந்து முடித்ததும் உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் இட்டு, அதே ஈயின் ஊசியில் கீழே குத்தினார்.

ஹோலோடைப்பாக வெட்டப்படாத ஆண் ஒன்றைத் தேர்ந்தோம். சாராயத்திலிருந்து எடுத்து நேரடியாகக் காயவிட்டால் கண் சுருங்கும், முகம் உள்வாங்கும். அதனால் வேதிப்பொருள் வழியாக மெதுவாக உலர்த்தினோம். மற்றவை பாராடைப்கள், அதாவது ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிக்கப்படும் துணை மாதிரிகள். சிலவற்றைச் சாராயத்திலேயே விட்டோம், பின்னால் மரபணு கேட்பவர்களுக்காக.

பெயரும் வெளியீடும்

பெயரைப் பற்றிய பேச்சு நான் பயந்த அளவுக்கு நீளவில்லை. வழிகாட்டியின் பெயரை வைக்கலாம் என்று துறையில் சிலர் சொன்னார்கள். அவரே கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர், தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது அழகல்ல என்று மறுத்துவிட்டார். மாணவி படகோட்டியின் பெயரைச் சொன்னார். அவரிடம் போய் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எம்பேரு வேணாம்மா, ஊர்ப் பேரை வையி. ஊர்ல எல்லாருக்கும் சேரும்" என்றார். ஊர்ப் பெயரே வைக்கப்பட்டது. கட்டுரையின் நன்றியுரையில் அவர் முழுப்பெயரும், ஈ வாழும் இடத்தைக் காட்டியவர் அவர் என்ற விவரமும் இருக்கின்றன. அவர் சொன்ன நேரக் குறிப்பு வாழிடம் பற்றிய பத்தியில் அவர் பெயரோடே வருகிறது.

விதிகளின்படி செய்ய வேண்டியவை சில உண்டு. 2000 முதல் நடப்பில் இருக்கும் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, புதிய இனம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், ஹோலோடைப் எது என்று குறிப்பிட வேண்டும், அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்று எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012இல் வந்த திருத்தத்தின்படி ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேட்டில் பதிவும் வேண்டும், பதிவானதற்கான சான்று கட்டுரையிலேயே இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டம் தனியாக ஒன்று கேட்கிறது: புதிய இனத்தைக் கண்டவர் அதை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இது. கல்லூரி அருங்காட்சியகத்தில் ஹோலோடைப் இருக்கட்டும் என்று நிர்வாகம் ஆசைப்பட்டது. அதற்கு நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர்சாதனமும் பொறுப்பாளரும் தொடர்ந்து இருப்பார்கள் என்ற உறுதி கல்லூரியில் இல்லை; அரிக்கும் பூச்சி ஒரு மழைக்காலத்தில் பெட்டியைத் தூளாக்கிவிடும். ஹோலோடைப் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. கல்லூரிக்குப் பாராடைப்கள் இரண்டு கிடைத்தன.

கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர் இன்னொரு பெண் ஈயின் சிறகுப் படத்தையும், ஒத்த இனங்களிலிருந்து பிரித்துக்காட்டும் திறவுகோலையும் கேட்டார். திறவுகோல் கேட்டது மிகச் சரி. புது இனத்தின் விவரிப்பு தனியாக நின்றால் அடுத்து வருபவருக்கு உதவாது. தெரிந்த இனங்களுக்கு நடுவே அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று சொன்னால்தான் உதவும். இந்தியக் கரையில் இதுவரை பதிவான ஆண்களுக்கு ஒரு திறவுகோலை மாணவி எழுதிச் சேர்த்தார். கட்டுரை வெளியானது. முதல் பெயர் மாணவியுடையது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சீட்டில்தான் முதல் மாற்றம். கிண்ணம் வைத்த இடம், நிழலா வெயிலா, வற்றத்தின் எந்தக் கட்டம், அருகில் என்ன மரம் என்று நாலு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் ஒரு பருவம் முழுக்கத் தேடியிருக்க வேண்டியதில்லை. பறவை ஆய்வுக் குழு இப்போது அந்தச் சீட்டை மாற்றிவிட்டது. அடுத்தது, புட்டிச் சாராயத்தின் அடர்த்தி. பழைய புட்டிகளில் தண்ணீர் கலந்த சாராயம் இருந்ததால் அவற்றிலிருந்த ஈக்களில் மரபணு சிதைந்திருந்தது; முதல் ஆணிலிருந்து வரிசை கிடைக்கவேயில்லை. தொண்ணூற்றைந்து சதவீதத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் போட்டால் போதும், எல்லாவற்றையும் அப்படி வைத்தால் கால்கள் விறைத்து உடையும்.

உயிரோடு பார்ப்பதை முன்னால் கொண்டுவர வேண்டும். கண்ணின் பச்சை, பால்ப்பின் மஞ்சள், ஆண் காலைத் தூக்கும் விதம் எல்லாம் செத்த ஈயில் இல்லை. பிடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேற்றில் அது கஷ்டம்தான், முட்டி வலிக்கும். ஆனாலும் செய்ய வேண்டும். காட்டில் தினம் இறங்குகிறவர்களிடம் முதல் நாளே கேட்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

இந்த இனத்தின் புழுப்பருவம் எங்கே கழிகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. நண்டுக் குழியின் சுவரிலா, மூச்சுவேரின் அடிச் சேற்றிலா? குட்டையோரச் சேற்றைக் கட்டி கட்டியாக எடுத்து வந்து, வலை மூடிய பெட்டிகளில் ஈரம் காயாமல் வைத்து, எதிலிருந்து ஈ வெளிவருகிறது என்று பார்க்கும் வேலையை மாணவி தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு கட்டியும் எந்தக் குட்டையிலிருந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எடுத்தது என்பதைப் பெட்டிமேல் எழுதி வைத்திருக்கிறார்.